பிரசவத் தொகுப்பில் ஒரு சுன்னத்து

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடம். தங்கை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஐஸ்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த பளபளப்பான தாள். பிள்ளை பிறந்த தனியார் பிரசவ மையம் கொடுத்தது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று தொகுப்புகள். தங்கை வீட்டார் எடுத்தது பிளாட்டினம். அதன் கீழ் ஏழு வரிகள்: தனி அறை, கணவருக்கு மடக்குக் கட்டில், தாய்க்கு மூலிகை ஒத்தடம், பிள்ளையின் காலடித் தடம் பதித்த சட்டம், ஸ்டூடியோ படம், கேக். ஏழாவது வரியில், ஆண் குழந்தை என்றால் முன்தோல் நீக்கம், பெண் குழந்தை என்றால் காது குத்துதல். இலவசம்.

ஏழாவது வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நேரத்தை எழுதி அடித்து, இன்னொன்றை எழுதி அதையும் அடித்து, மூன்றாவதாக 'திங்கள் 9.15' என்று எழுதியிருந்தது. கையெழுத்து தங்கையின் மாமியாருடையது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. சிவப்புப் பேனாவுக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

மையம் முதலில் கொடுத்தது அந்த வெள்ளிக்கிழமையே பதினோரு மணி. வெள்ளியன்று பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். சனிக்கிழமை ஒன்பதரை என்றார்கள். அதுவும் ராகு காலம். திங்கட்கிழமை ஒன்பது மணியோடு ராகு காலம் முடிகிறது. பாதுகாப்புக்குக் கால் மணி நேரம் சேர்த்து ஒன்பதே கால். முழுக்க முழுக்க அறிவியல் காரணங்களுக்காகச் செய்யப்படுவது என்பதால், நேரம் தப்பக்கூடாது என்பதில் மாமியார் கண்டிப்பாக இருந்தார்.

அறிவியல் அமெரிக்காவிலிருந்து வந்தது. மாமியாரின் மூத்த மகன் அங்கே இருக்கிறார். அவருடைய இரண்டு பையன்களுக்கும் பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் செய்துவிட்டார்களாம். "நகம் வெட்டுற மாதிரி" என்று அவர் தொலைபேசியில் சொன்னார். மாமியார் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஈப்போவில் அரசு வேலையும் ஆசிரியர் வேலையும் பார்த்தது. எங்கள் குடும்பம் செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியது. இரண்டு குடும்பத்திலும் இதற்கு முன் எந்த ஆண் பிள்ளைக்கும் இதைச் செய்ததில்லை. அதனால் இரண்டு பக்கமும் இதைப் பற்றி உறுதியான கருத்து இருந்தது.

எங்கள் அத்தை ஒருவர் செமோரிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். "சுன்னத்து பண்ணிட்டா ஐசியில மதத்த மாத்திடுவாங்களா லா? யாராவது கேட்டு சொல்லுங்க." மாற்ற மாட்டார்கள், தோலுக்கும் அடையாள அட்டைக்கும் தொடர்பில்லை என்று நான்கு பேர் பதில் போட்டார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது அத்தைக்கு மட்டும்தான்.

குழப்பம் கூடியபோது மாமியார் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு நானும் பிள்ளைதான். "நீர் பேப்பரில இருந்த ஆள்தானே, பிள்ளை. பெற்றோர் என்ன தெரிஞ்சிருக்க வேணும் எண்டு நல்ல தமிழில எழுதி குழுவில போட்டு விடும். எல்லாரும் வாயை மூடுவினம்."

புதன்கிழமை மதியம் உட்கார்ந்து படித்தேன், எழுதினேன். இந்த அறுவை ஆரோக்கியமான எந்தப் பிள்ளைக்கும் அவசரம் இல்லை. செய்தால் முதல் வருடத்தில் சிறுநீர்த் தொற்று வருவது குறைகிறது. ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு அது வருவதே குறைவு. பிற்காலத்தில் சில பால்வினை நோய்களும் அபூர்வமான ஒரு புற்றுநோயும் வரும் வாய்ப்பு ஓரளவு குறைகிறது. செய்யாவிட்டால் சுத்தம் இருக்காது என்பது தவறு, தண்ணீர் போதும். பிறக்கும்போது முன்தோல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அது நோய் இல்லை. தானாகப் பிரிய வருடங்கள் ஆகும், பிடித்து இழுக்கக் கூடாது. செய்வதென்றால் மரப்பு மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும், பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாது என்பது பழைய கதை. இரத்தக் கசிவு, தொற்று, தோலைக் கூடவோ குறைவாகவோ வெட்டிவிடுவது ஆகியவை அரிதாக நடக்கும். குறைமாதப் பிள்ளைக்கும் உடம்பு சரியில்லாத பிள்ளைக்கும் தள்ளிப்போட வேண்டும். சிறுநீர்த் துவாரம் இடம் மாறிப் பிறந்த பிள்ளைக்குச் செய்யவே கூடாது, அதைச் சரிசெய்ய அந்தத் தோலே தேவைப்படலாம்.

கடைசிப் பத்தி ஒன்றும் இருந்தது. தாய்வழியில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் இருந்தால், பிள்ளையின் இரத்தத்தைச் சோதிக்காமல் கத்தியைத் தொடக்கூடாது. நோய் பெரும்பாலும் ஆண்களைத் தாக்கும், ஆனால் பெண்கள் வழியாக இறங்கும். அதையும் எழுதினேன். பிறகு வெட்டினேன். இருபது வருடம் துணையாசிரியராக இருந்த பழக்கம். பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியை வாலிலிருந்துதான் வெட்டுவோம், முக்கியமில்லாதது அங்கேதான் இருக்கும் என்ற நம்பிக்கையில். வாட்ஸ்அப்பில் இடத்துக்குப் பஞ்சம் எதுவும் இல்லை.

எங்கள் தம்பிக்கு அந்த நோய் இருக்கிறது. ஒன்பது வயதில் தோட்டத்து டிரஸர், அதாவது தோட்ட மருந்தகத்தில் டாக்டருக்குப் பதிலாக இருந்தவர், அவனுக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார். மூன்று நாள் இரத்தம் நிற்கவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஊசிபோட்டு நிறுத்தி, நோயின் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் பெண் பிள்ளைகளையும் ஒரு நாள் சோதித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அம்மா பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டார். "பொண்ணுங்கள சோதிச்சா அப்பறம் எவன் கட்டுவான்?" நாங்கள் சோதித்துக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகும் சோதித்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் மூன்று வாக்கியங்கள் கட்டாயம். பெண்ணுக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். பெண் அதிர்ந்து பேசமாட்டாள். குடும்பத்தில் ஒரு நோயும் இல்லை. இரண்டு தரப்பும் இவற்றை நம்புவதில்லை. இவற்றைச் சொல்லாமல் தட்டு மாற்றுவதும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் தங்கை கல்யாணத்தில் மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னது நான்.

கல்யாண வாரத்தில் தம்பி மண்டபத்துப் படியில் முழங்காலை இடித்துக்கொண்டான். உள்ளே இரத்தம் கட்டி, கால் பூசணிக்காய் போல் வீங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மாமியார் விசாரித்தபோது தங்கையும் நானும் ஒரே நேரத்தில், "ஃபுட்போல் ஆடறப்ப அடிபட்டுடுச்சு" என்றோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் தம்பி ஒரு பந்தாட்டக்காரன். அவனைப் பார்க்கும்போதெல்லாம் மாமியார் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பார். பந்தை உதைத்தே அறியாத தம்பி, அவருக்குப் பதில் சொல்வதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசை மேல் மையத்தின் ஒப்புதல் படிவம் இருந்தது. ஒன்பதாவது கேள்வி, குடும்பத்தில் இரத்தப்போக்கு நோய் உண்டா என்பது. 'அடா', 'தியாடா' என்று இரண்டு கட்டங்கள், உண்டு, இல்லை. தங்கை 'தியாடா'வில் கோடு போட்டிருந்தாள்.

"நீர் எழுதினதை அமெரிக்காவுக்கும் அனுப்பினன்" என்றார் மாமியார். "நல்லா இருக்கெண்டு சொன்னவன். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை."

பத்து மணிக்கு அரசு கிளினிக்கிலிருந்து மிஸி வந்தார். பிரசவமான வீடுகளுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் மலாய்க்கார நர்ஸ். பிள்ளையைத் தூக்கு தராசில் போட்டு நிறுத்தார், கண்ணை இழுத்து மஞ்சள் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு எஞ்சினியர். எந்தப் பொருளையும் கழற்றிச் சுத்தம் செய்வதில் நம்பிக்கை உள்ளவர். முன்தோலைத் தினமும் எவ்வளவு தூரம் பின்னால் தள்ளிக் கழுவ வேண்டும் என்று மிஸியிடம் கேட்டார்.

"ஜாங்ஙான் தாரிக்!" என்றார் மிஸி. இழுக்காதே என்பதைச் சொல்லும்போது அவர் மாப்பிள்ளையின் கையையே பிடித்துவிட்டார்.

"திங்கட்கிழமை எடுக்கப் போறம், அதுக்குப் பிறகு கழுவுற பிரச்சினையே இல்லை" என்பதை மாமியார் நல்ல மலாயில் சொன்னார்.

மிஸி நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவருடைய மூன்று பையன்களுக்கும் ஒன்பது, பத்து வயதில், பள்ளி விடுமுறையில் செய்தார்களாம். கடைசிப் பையன் அன்று காலை பக்கத்து வீட்டுக் கோழிக் கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான், சாயங்காலம் நாசி பிரியாணி என்று சொல்லித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். "கித்தா புன் துங்கு" என்றார். நாங்களே காத்திருக்கிறோம். வழக்கம் உள்ளவர்களுக்கு அவசரம் இல்லை, வழக்கமே இல்லாதவர்களுக்கு ஒன்பதே காலுக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

பிள்ளையைத் திருப்பும்போது மிஸியின் கை நின்றது. வலது தொடையில், பிறந்த அன்று வைட்டமின் ஊசி போட்ட இடத்தில், ஊதா நிறத்தில் ஒரு கன்றல். இருபது காசு அளவு இருக்க வேண்டியது, உள்ளங்கை அளவு இருந்தது. நடுவில் கட்டி. பிறந்து பதினோரு நாள்.

"தொட்டில் துணி இறுக்கிப் போட்டுது" என்றார் மாமியார்.

மிஸி கட்டியை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் சீக்கிரம் நிற்காமல் போவது உண்டா என்று கேட்டார்.

"எங்கட பக்கம் ஒருத்தருக்கும் இல்லை" என்று மாமியார் முதலில் பதில் சொன்னார். பிறகு எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள்.

"தா அடா" என்றாள் தங்கை. இல்லை.

மிஸி என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். நல்ல தராசு, ஜப்பானில் செய்தது. மிஸி பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் எதையோ எழுதினார். புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று தங்கையிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

மாமியார் குளிக்கப் போனதும் சமையலறையில் தங்கையைப் பிடித்தேன்.

"நீ ஏன் இல்லன்னு கோடு போட்ட?"

"அவங்க தோள்மேல நின்னுக்கிட்டு பாக்கறாங்க. பேப்பர் திருத்தற மாதிரி. நான் என்னா பண்ண?" பத்தியக் கறியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "அதுவும் இல்லாம, அது தம்பிக்குத்தானே. எனக்கு ஒண்ணும் இல்ல. புள்ள அவங்க பரம்பர."

"அது பொம்பளைங்க வழியாத்தான் எறங்குது. நமக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா புள்ளைக்குக் குடுத்துடுவோம். படிச்சேன்."

கரண்டி நின்றது. "படிச்சியா? அப்பறம் ஏன் குழுவுல போடல?"

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"இப்ப சொன்னா என்னா ஆகும் தெரியுமா?" என்றாள். "மூணு வருஷம் ஏமாத்திட்டீங்கன்னு சொல்லுவாங்க. பொறந்த புள்ளைய நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவாங்க. தெனம் காலையில எழுந்து அந்த மூஞ்சியப் பாக்கறது நீயா நானா? நீ வாய தொறக்காத லா, அக்கா. திங்கக்கெழம டாக்டர்கிட்ட நானே தனியா சொல்லிடறேன்."

"அவங்களும் ரூமுக்குள்ள வருவாங்களே."

"வருவாங்க" என்றாள். கறியை மறுபடி கிண்ட ஆரம்பித்தாள்.

மதியம் திரும்பும் வழியில் சிம்பாங் பூலாய் பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தி, மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பத்திரிகையில் இருந்தபோது, பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க விரும்புகிறவர்களின் அழைப்பைப் பாதி வாக்கியத்தில் துண்டிப்பேன். பெயர் சொல்லத் துணிவில்லாதவரின் செய்தி எங்களுக்கு வேண்டாம் என்று புதிதாக வந்தவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வரப்போகும் ஒரு பிள்ளையைப் பற்றி டாக்டரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன்.

"பிள்ளை பெயர்?" என்று மலாயில் கேட்டது ஒரு பெண் குரல்.

சொல்ல முடியாது என்றேன்.

"உங்கள் பெயர்?"

அதுவும் சொல்ல முடியாது.

"எந்தப் பேக்கேஜ்?"

"பிளாட்டினம்."

அவர் குரலில் மரியாதை கூடியது. பிளாட்டினம் என்றால் புகார்களுக்குத் தனி எண் இருக்கிறது, இணைக்கட்டுமா என்றார். இணைத்தார். பியானோ இசை வந்தது. இசை முடிந்து ஒரு பதிவுக் குரல், உங்கள் திருப்தியை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடுங்கள் என்றது. நான் துண்டித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி தங்கை வீட்டில் இருந்தேன். மாலை நான்கு மணிக்குத் தம்பி கோப்பெங்கிலிருந்து இரண்டு பெரிய பொட்டலம் பேம்பர்ஸோடு வந்தான். அங்கே கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். மாமியார் பக்கத்து உறவுகளும் இருக்கும் அந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவனை நாங்கள் சேர்க்கவில்லை. அவனை முன்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்வதைவிட, அவன் இல்லாமல் சொல்வது எளிது. அதனால் திங்கட்கிழமை விஷயம் அவனுக்குத் தெரியாது.

மாமியார் வழக்கம்போல் ஆரம்பித்தார். "என்ன தம்பி, நேற்று மேட்ச் பார்த்தீரோ?"

"பாத்தேன் ஆன்ட்டி. ரெஃப்ரி சரியில்ல."

"அவங்கள் எப்பவும் அப்பிடித்தான். முழங்கால் இப்ப எப்பிடி?"

"மழ வந்தா வலிக்குது."

தண்ணீர் எடுக்க ஐஸ்பெட்டிப் பக்கம் போனவன் அந்தத் தாளின் முன்னால் நின்றுவிட்டான். கதவைத் திறக்கவில்லை.

"மச்சான், இது என்னா? புள்ளைக்கு சுன்னத்தா?"

"ஆமா மச்சான், நாளைக்கு" என்றார் மாப்பிள்ளை. "சின்ன வெட்டுதான் லா. பேக்கேஜ்ல ஃப்ரீ."

தம்பி தங்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "யாரும் சொல்லலயா?"

"டேய், நீ வந்து உக்காரு" என்றாள் தங்கை.

"மூணு வருஷமா உக்காந்துதான் இருக்கேன்." நேராக மாமியார் முன்னால் வந்து நின்றான். "ஆன்ட்டி, நான் வாழ்க்கையில பந்த ஒதச்சதே இல்ல."

"என்ன?"

"ஒதச்சா செத்துடுவேன்." பணப்பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் வாசித்தார், திருப்பிப் பின்பக்கமும் வாசித்தார். மறுபடி முன்பக்கம். தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை எழுந்து போய் அதன் காற்சட்டையை விலக்கித் தொடையைப் பார்த்தார்.

"இது எப்ப தெரியும்?" என்றார் மாமியார்.

"ஒம்போது வயசுல."

"அப்ப கலியாணத்துக்கு முன்னமே."

மாமியார் அட்டையை மேசைமேல் வைத்தார்.

"உம்மட காலுக்காண்டி நான் கோயில்ல அர்ச்சனை செய்வித்தனான். அடுத்த சீசன் விளையாட வேணும் எண்டு. அது தெரியுமோ உமக்கு?"

"தெரியாது ஆன்ட்டி" என்றான் தம்பி. அவனுக்கு உண்மையாகவே தெரியாது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் எழுதினதில இப்பிடி ஒண்டும் இல்லையே."

"இருந்துச்சு ஆன்ட்டி. வெட்டிட்டேன்."

தாமதமாக வந்த மாணவியை அவர் முப்பது வருடம் எப்படிப் பார்த்திருப்பார் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இப்பிடி ஒரு வருத்தம் இல்லை" என்றார்.

"தெரியும் மாமி. எங்க வீட்டுல இருக்கு" என்றாள் தங்கை. மேசைக்குப் போய்ப் படிவத்தை எடுத்தாள். ஒன்பதாவது கேள்வியில் முன்பு போட்ட கோட்டை அடித்துவிட்டு, மறு கட்டத்தில் கோடு போட்டாள். கோடு நீண்டு பத்தாவது கேள்விக்குள் இறங்கிவிட்டது. படிவத்தை மாமியார் முன்னால் வைத்தாள். திருத்துவதற்கு வைப்பதுபோல் இருந்தது.

மாமியார் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அமெரிக்காவில் அப்போது விடிந்திருக்காது. ஆனாலும் கூப்பிட்டார். மலிவான கதவு. "ஓம்... பெட்டையின்ட பக்கம்தான்... ஓம், மறைச்சுப்போட்டினம்..." எங்கள் நான்கு பேருக்கும் நன்றாகக் கேட்டது. தங்கை பேம்பர்ஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை.

இருபது நிமிடம் கழித்து மாமியார் வெளியே வந்தார். மாப்பிள்ளையிடம் மட்டும் பேசினார்.

"பெரிய ஆஸ்பத்திரி நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பினம்?"

"ஏழரைக்குப் போனா நம்பர் எடுக்கலாம்மா."

"திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம்."

"ஒம்பது மணிக்கு மேல போலாமா?"

மாமியார் தொட்டிலைப் பார்த்தார். "ஏழரைக்கே போங்கோ."

அன்று மாலை, வெட்டிய பத்தியைக் குடும்பக் குழுவில் போட்டேன். தலைப்பும் கொடுத்தேன், விடுபட்ட பகுதி என்று. அத்தை ஒரு கட்டைவிரலும் இரண்டு ரோஜாப்பூவும் அனுப்பினார். உறவினர் ஒருவர், இது யாருக்காக என்று கேட்டார். எல்லோருக்கும் பொதுவான தகவல் என்று எழுதிவிட்டு, பிறகு அதை அழித்து, எங்கள் வீட்டுக்காக என்று எழுதினேன். அதற்குப் பிறகு குழுவில் மறுநாள் மதியம்வரை யாரும் எதுவும் போடவில்லை. காலை வணக்கப் படங்கள்கூட வரவில்லை.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது இளம் வயதுக் குழந்தை மருத்துவர், தமிழ்ப் பெண். தம்பியின் அட்டையைப் பார்த்தார், பிள்ளையின் தொடையைப் பார்த்தார், சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டி மிஸி எழுதியிருந்ததை வாசித்தார்.

"இதப் பாத்துட்டு மிஸி உங்களக் கேட்டிருக்காங்களே. என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு சொன்னேன்" என்றாள் தங்கை.

டாக்டர் திட்டவில்லை. இப்படிச் சொல்லும் வீடுகள் அவருக்குப் புதிதில்லை என்று முகத்தில் தெரிந்தது. இரத்தத்தை உறையவைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, அதன் அளவைப் பார்ப்போம் என்றார். ஐம்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் எல்லோரையும் போல. ஐந்துக்குக் கீழே இருந்தால், முன்தோலை வெட்டிய இடத்தில் இரத்தம் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. பல் பிடுங்குவது, தடுப்பூசி போடுவது என்று எதற்கும் இனிமேல் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். பையனாக இருந்து அம்மா வழியில் இந்த நோய் இருந்தால், பிறப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியது முதல் விஷயம் இதுதான் என்றார்.

"நான் சாதாரணமா இருக்கேனே டாக்டர். ஒரு நாளும் ஒண்ணும் வந்ததில்ல."

"உங்களுக்கும் எடுப்போம். ஒங்க உடம்புல என்னா இருக்குன்னு நமக்குத் தெரியட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க?"

"அக்கா."

"கைய நீட்டுங்க."

பிள்ளையிடமிருந்து இரத்தம் எடுத்த இடத்தில் நர்ஸ் பத்து நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தங்கை அந்தப் பத்து நிமிடமும் கடிகாரத்தைப் பார்க்காமல் பஞ்சையே பார்த்தாள். ஒன்பது இருபதுக்கு மையத்திலிருந்து மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். ஏழாவது வரிக்குப் பதிலாக இன்னொரு கேக் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

வீட்டில் மாமியார் பத்தியக் கறி வைத்திருந்தார். தங்கைக்குப் போட்டுக் கொடுத்தார், என்னிடம் பேசவில்லை. தம்பியிடம் மட்டும், முழங்காலுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறீர், எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஊசி, வலி எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிவப்புப் பேனாவால் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பிள்ளையின் தாளில் மூன்று சதவீதம் என்று இருந்தது.